கிளைஸ்ட்ரன்: ‘உற்பத்திக் குழாய்’ அல்ல

அட்டன், தலவாக்கலைப் பக்கம் உயர்தர மாணவர் கைகளில் சுற்றும் பௌதிகவியல் குறிப்புகளில் கிளைஸ்ட்ரனை ‘நுண்ணலை உற்பத்திக் குழாய்’ என்றே எழுதுகிறார்கள். பிழை. அது நுண்ணலையை (மைக்ரோவேவ்) தானே உண்டாக்குவதல்ல; ஊட்டிய மெல்லிய நுண்ணலையைப் பெரிதாக்கும் வெற்றிடக் குழாய்.

1937இல் ஸ்டான்ஃபோர்டில் ரசல், சிகர்ட் வேரியன் சகோதரர்கள் ஆக்கிய கருவி இது. கரையில் அலை மோதுவதைச் சொல்லும் கிரேக்க வினையையும் ‘இலத்திரன்’ என்ற சொல்லின் வாலையும் சேர்த்து, அங்கிருந்த செம்மொழிப் பேராசிரியர் ஹெர்மன் ஃபிராங்கெல் பெயர் தந்தார். ‘அலைமோதி’ என்று தமிழாக்கினால் காதுக்கு இனிக்கும். கருவியின் வேலை விளங்காது.

வேலை என்ன? இலத்திரன்களை உமிழும் கதோட்டிலிருந்து வரும் கற்றை முதற்குழியை (நுண்ணலை ஒத்ததிரும் உலோக அறையை) கடக்கும்போது, அங்கே ஊட்டிய மெல்லிய நுண்ணலை சில இலத்திரன்களை முடுக்கும், சிலவற்றை மந்தமாக்கும். நுவரெலியா வீதியில் ஏறும் லொறியைப் பின்னால் வரும் பஸ்கள் எட்டிப்பிடிப்பதுபோல, போகப்போக அவை திரள்கின்றன. திரள் இறுகும் இடத்தில் கடைசிக் குழி இருக்கவேண்டும். தள்ளி வைத்தால் விரைந்தவை முந்திப்போய்த் திரள் கலையும், வெளியீடு விழும். சரியான இடத்தில் இருந்தால் திரள் அங்கே வேகமிழந்து தன் சக்தியை நுண்ணலைக்குக் கொடுக்கும். அமெரிக்காவின் ஸ்லாக் துகள்முடுக்கி ஆய்வுகூடத்தின் 5045 வகைக் கிளைஸ்ட்ரன், 350 கிலோவோல்ற்றில் இயங்கி 2856 மெகாஹேட்ஸில் 65 மெகாவாற்றுத் துடிப்பு தருகிறது.

உள்ளீட்டை நிறுத்துங்கள்: பெரிய நுண்ணலையும் நின்றுவிடும். கற்றையின் முழு வலுவும், கற்றை போய் முடியும் உலோகப் பகுதியான சேகரிப்பானில் வெப்பமாக இறங்கும்; அதைத் தாங்கும் நீர்க்குளிர்ப்பு இல்லையேல் உலோகம் உருகும். இதை ‘உற்பத்தி’ என்று படித்த பிள்ளை, ஆளியைப் போட்டாலே நுண்ணலை வரும் என்றுதானே நினைக்கும்?

கற்றையைத் திருப்பி அதே குழிக்கு அனுப்பும் தெறிப்புக் கிளைஸ்ட்ரன் உள்ளீடில்லாமல் தானாக அலை எழுப்புகிறதே என்பார்கள். உண்மைதான், ஒற்றைக்குழியோடு சிறு வலு தரும் அந்த வகையை அலையியற்றி என்று தனியே சொல்லட்டும். அதற்காகக் குடும்பப் பெயரையே கெடுக்கக்கூடாது.

என் தெரிவு ‘திரள்கற்றை விரியலாக்கி’. தமிழ்நாட்டார் ‘பெருக்கி’ என்பர். அதுவும் சரி, ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காதவரை. ‘திரள்’ மட்டும் போகக்கூடாது. இன்றைய முன்னேற்றமெல்லாம் அதில்தான். இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் ஓரத்திலிருப்பவை திரளுக்குள் வர மறுக்கின்றன. நடுப்பகுதியைக் கூட்டியும் கலைத்தும் அலையவிட்டு, ஓரத்தவை வந்து சேர நேரம் கொடுப்பது புதிய முறை. கற்றையைப் பலவாகப் பிரித்துத் தள்ளுவிசையைக் குறைப்பது இன்னொன்று. கருவியின் படத்தைப் பாராமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு இவை எப்படிப் பிடிபடும்?

‘உற்பத்தி’ என்ற சொல்லை மைக்ரோவேவ் அடுப்பின் மக்னெத்திரனுக்கு வைத்துக்கொள்ளலாம். நுண்ணலை உள்ளீடே இல்லாமல் அலையை எழுப்பும் கருவி அது.