பழைய சொகுசுக் கப்பல் உடைக்கப் போனால் ஊழியர் சம்பளம் என்னாகும்?

மதுரையில் கடல் இல்லை. வைகையே பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் கேட்டரிங் படித்துவிட்டுச் சொகுசுக் கப்பலில் சமையல்கட்டு, கேபின், பார் என்று வேலைக்குப் போகிற பிள்ளைகள் திருமங்கலத்திலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் புதுக் கப்பலில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஏஜென்ட் காட்டுவது முப்பது வயதுக் கப்பலாகவும் இருக்கலாம். காண்டிராக்ட் நடுவில் அந்தக் கப்பல் கைமாறினாலோ, ஏதோ ஒரு துறைமுகத்தில் நங்கூரம் போட்டு அப்படியே விடப்பட்டாலோ, ஊழியருக்கு என்ன கிடைக்கும், எதுவரை கிடைக்கும் என்பதுதான் இங்கே விஷயம்.

பயணிகள் கப்பல் உடைபட ஓட்டை விழ வேண்டியதில்லை. சர்வதேசத் தீப்பாதுகாப்பு விதி 2010 அக்டோபர் 1 முதல் இறுகியபோது, மரப்பலகை அலங்காரத்தோடு ஓடிய பல பழைய கப்பல்கள் அதை ஈடுகட்ட முடியாமல் ஒதுங்கின. 2020இல் கொரோனா பயணிகளை நிறுத்தியதும் உரிமையாளர்களின் கையிருப்பு கரைந்தது. பிரிட்டனின் சொகுசுக் கப்பல் கம்பெனியான குரூஸ் அண்ட் மேரிடைம் வாயேஜஸ் அந்த ஜூலையில் திவாலானது. அதற்கு முந்தைய மாதமே, சம்பளப் பாக்கி, முடிந்துபோன காண்டிராக்ட் போன்ற காரணங்களுக்காக அதன் கப்பல்கள் சிலவற்றை பிரிட்டிஷ் அதிகாரிகள் துறைமுகத்திலேயே தடுத்து வைத்திருந்தார்கள். 1965இல் கட்டிய மார்கோ போலோவும் அதே கம்பெனியின் மெகல்லனும் கடைசியில், கப்பல்களை உடைக்கும் இடமான குஜராத்தின் அலங் கரையில் ஏறின. மும்பையிலிருந்து ஓடிய கர்ணிகா என்ற சொகுசுக் கப்பலும் 2020 நவம்பரில் அங்கேதான் போனது. குயின் மேரி போல லாங் பீச்சில் ஹோட்டலாகவோ, குயின் எலிசபெத் 2 போல துபாயில் விடுதியாகவோ பிழைப்பது ஒன்றிரண்டுதான்.

ஊழியருக்குப் பிடிமானம், 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் ஏற்றது. 2016 அக்டோபர் 9 முதல் நமக்கு நடைமுறையில் உள்ளது. பாத்திரம் கழுவுகிற யூட்டிலிட்டி முதல் மேடையில் பாடுபவர் வரை, கப்பலில் எந்த வேலை செய்தாலும் இந்த உடன்படிக்கையின் கண்ணில் அவர் மாலுமிதான். ‘நீ ஹோட்டல் டிபார்ட்மென்ட், உனக்கு இது பொருந்தாது’ என்று யாராவது சொன்னால் அது தவறு.

2017 ஜனவரி 18 முதல் இதில் ஒரு முக்கியமான சேர்க்கை வந்தது. ஒவ்வொரு கப்பலும், ஊழியரைக் கைவிட்டால் பணம் கொடுப்பதற்கென்று ஒரு காப்பீட்டையோ அதற்கு இணையான உத்தரவாதத்தையோ வைத்திருக்க வேண்டும். கைவிடுதல் என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது: ஊருக்கு அனுப்பும் செலவைக் கம்பெனி ஏற்காமல் இருப்பது, சாப்பாடு, தண்ணீர், மருந்து, டீசல் இல்லாமல் கப்பலில் விட்டுவிடுவது, தொடர்பை அறுத்துக்கொள்வது, இரண்டு மாதச் சம்பளம் தராமல் இருப்பதும் இதில் சேரும். இதில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும். ஊழியரே, அல்லது அவர் நியமிக்கும் ஒருவர், நேராகக் காப்பீட்டாளரிடம் கேட்கலாம். கம்பெனியின் தயவு தேவையில்லை.

பெரிய ஓட்டை இங்கேதான் விழுகிறது. அந்தக் காப்பீடு கொடுக்கும் சம்பளப் பாக்கிக்கு உச்சவரம்பு நான்கு மாதம். இரண்டாவது மாதமே கேட்க உரிமை வந்துவிடுகிறது. ஆனால் கேப்டனும் ஏஜென்டும் ‘கப்பல் விற்கப் போகிறது, விற்றதும் மொத்தமாகத் தருவார்கள், பொறு’ என்பார்கள். ஏழு மாதம் பொறுத்தவருக்கு மூன்று மாதச் சம்பளம் காப்பீட்டுக்கு வெளியே போய்விடும். பொறுமைக்கு இங்கே வட்டி கிடையாது, கழிவுதான். வீட்டில் இருப்பவர்கள் ‘சண்டை போடாதே தம்பி, அடுத்த காண்டிராக்ட் போய்விடும்’ என்று சொல்வதும் அந்த நாலு மாதத்தைத்தான் தின்கிறது.

காப்பீட்டுச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், பெரும்பாலும் மெஸ் நோட்டீஸ் போர்டில். இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று கைவிடுதலுக்கு, மற்றது காயம், சாவுக்கு. கப்பலில் ஏறிய முதல் வாரமே இரண்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். காப்பீட்டாளரின் பெயர், தொடர்பு விவரம், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். காப்பீட்டாளர் நடுவில் ரத்து செய்ய நினைத்தால், கொடி நாட்டுக்கு, அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாட்டுக்கு, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். எனவே ஒரு நாள் அந்தத் தாள் போர்டிலிருந்து காணாமல் போனால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கப்பலின் பெயரை நம்பாதீர்கள். கர்ணிகாவே 1990இல் கிரவுன் பிரின்சஸாகப் பிறந்தது, இந்தியாவுக்கு வருமுன் பசிபிக் ஜுவல். உடைக்கப் போகும்போது பெயரில் பாதியை அழித்துவிட்டு, கொடியையும் மாற்றிவிடுவது வழக்கம். மாறாதது ஐஎம்ஓ எண், கப்பலின் சர்வதேச அடையாள எண், ஏழு இலக்கம். ஏஜென்ட் தரும் எண் சரியானதா என்று தாளிலேயே பார்க்கலாம்: முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்; கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கம். 9074729 என்றால் 63+0+35+16+21+4 = 139; கடைசி 9 பொருந்துகிறது. பொருந்தவில்லை என்றால் எண்ணே பொய். பொருந்தினால், அதே எண்ணை இணையத்தில் போட்டுக் கப்பலின் வயதையும் முன்னாள் பெயர்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

அலங்குக்குப் போகும் கடைசிப் பயணத்துக்குத் தனியாக ஆள் எடுப்பதும் உண்டு. பழைய உரிமையாளரிடமிருந்து ரொக்கத்துக்கு வாங்கும் இடைத்தரகர், குறைந்த ஆட்களோடு கப்பலைக் கரைக்கு ஓட்டுவார். ‘நீயே தொடர்ந்து இரு, ஒரு மாசம்தான்’ என்றால், பழைய பாக்கியை வாங்கிக்கொண்டு, புது உரிமையாளர் பெயரில் புது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே சம்மதிக்க வேண்டும். போர்டில் மாட்டியிருப்பது பழைய உரிமையாளர் எடுத்த காப்பீடாக இருந்தால், புது முதலாளியின் பாக்கிக்கு அதை நம்ப முடியாது. கப்பல் விற்கப்படுவதே ஊருக்குத் திரும்பக் கேட்பதற்குப் போதுமான காரணம் என்று உடன்படிக்கையின் வழிகாட்டுதல் சொல்கிறது. டிக்கெட் செலவு கப்பல் உரிமையாளருடையது. 30 கிலோ சாமானும் அதில் அடக்கம். ஒப்பந்தத்தில் ‘திரும்பும் இடம்’ மும்பை என்று இருந்தால், அங்கிருந்து மதுரைக்கு வரும் செலவு உங்கள் தலையில் விழலாம். கையெழுத்துப் போடுமுன்பே மதுரை என்று எழுதச் சொல்லுங்கள்.

காப்பீட்டுக்கு வெளியே போன பாக்கி அத்தோடு செத்துவிடுவதில்லை. சம்பளக் கடன் கப்பல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். கப்பல் மேலான வழக்குகளுக்கான இந்தியாவின் 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டப்படி, ஊழியர் சம்பளத்துக்கு அந்தக் கப்பல் மேல் முதல் உரிமை. உரிமையாளர் மாறினாலும் கொடி மாறினாலும் அது போகாது. ஆனால் கெடு இரண்டு வருடம், சம்பளம் தர வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் உயர் நீதிமன்றம் மூலம் கப்பலைக் கைது செய்து, அதாவது நகரவிடாமல் தடுத்து வைத்து, ஏலம் வரை கொண்டுபோக வேண்டும். நீதிமன்றம் ஏலம் விட்டால் வாங்குபவருக்குக் கப்பல் கடனின்றிப் போகும். உங்கள் கோரிக்கை ஏலப் பணத்தின் மேல் நிற்கும். அலங்குக்கு வந்த கப்பல் என்றால் போக வேண்டியது குஜராத் உயர் நீதிமன்றம். இது தனி ஆள் செய்கிற காரியம் அல்ல. ஒரே கப்பல் ஊழியர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வக்கீலைப் பிடிப்பதுதான் கட்டுப்படியாகும். கப்பல் வெட்டப்பட்டுவிட்டால் கைது செய்ய ஒன்றும் மிஞ்சாது என்பதால் வேகமும் வேண்டும்.

புகாரின் வரிசை இதுதான். முதலில் கப்பலிலேயே எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் இருந்தால் அந்நாட்டுக் கப்பல் ஆய்வு அதிகாரியிடமும், ஐடிஎஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம். இந்தியாவில் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். மதுரையிலிருந்து வீட்டார் மின்னஞ்சலிலேயே எழுதலாம், ரயில் ஏற வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் பதிந்தால் அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போகும். ஒப்பந்த நகல், சம்பளச் சீட்டுகள், ஏறிய தேதியின் முத்திரை, காப்பீட்டுப் போட்டோ ஆகியவை இல்லாத புகார் தள்ளிக்கொண்டே போகும். ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் பணம் வங்கிக்கு வருமுன் கையெழுத்துப் போட வேண்டாம். விமான டிக்கெட்டைக் காட்டி அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

இத்தனையும் நிற்பது ஏஜென்ட் உரிமத்தின் மேல். இந்தியாவில் மாலுமிகளை அனுப்ப ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும். எண்ணும் முகவரியும் இயக்ககத்தின் இணையதளத்தில் இருக்கும். வேறொருவரின் எண்ணை விசிட்டிங் கார்டில் அச்சடிப்பது சுலபம். அதனால் எண்ணோடு முகவரியையும் ஒப்பிட்டு, அங்கே போன் செய்து, இந்தக் கப்பலுக்கு இவரை நீங்கள்தான் அனுப்புகிறீர்களா என்று கேட்க வேண்டும். வேலைக்காகக் கமிஷன் வாங்குவது சட்டப்படி கூடாது. உங்கள் செலவு பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று மட்டும். விசா செலவுகூடக் கம்பெனியுடையது. லட்சங்கள் கேட்பவர் உரிமம் இல்லாதவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படி உரிமம் இல்லாமல் ஏற்றப்பட்டவருக்கு, கப்பல் அலங் கரையில் ஏறுகிற அன்று இந்தியாவில் பொறுப்பேற்கச் சொல்லிப் பிடிக்க ஒரு ஏஜென்ட்கூட இருக்க மாட்டார்.