கிடாக்கறியா, பெட்டைக்கறியா?

கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் விதையை மட்டும் அறுக்காமல் விட்டிருப்பார்கள். கிடாதான் என்பதற்கு அதுவே சான்றிதழ். "அப்படிப் பார்த்து வாங்கும் கிடாக்கறியில் பெட்டையைவிடச் சத்து அதிகமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

புரதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுக்கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், ஆணானாலும் பெண்ணானாலும். இரும்புச்சத்துக்கு ஆட்டின் வயதுதான் முக்கியம். வயது ஏற ஏறத் தசையில் மயோகுளோபின் (இரும்பு அடங்கிய சிவப்புப் புரதம்) கூடும், கறியும் நன்றாகச் சிவக்கும்.

வேறுபடுவது கொழுப்பு. பெட்டை சீக்கிரமே வளர்ந்து முடிக்கிறது. அப்புறம் தின்னும் தழையில் மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாகச் சேரும். குட்டி போட்டுப் பால் கொடுக்க வேண்டிய உடம்பல்லவா! கிடாவிலோ ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்ப்பதோடு, புதிய கொழுப்புச் செல்கள் உருவாவதையும் மட்டுப்படுத்துகிறது. காயடித்துவிட்டால் கிடாவும் பெட்டையின் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் வெள்ளாடு கொழுப்பைத் தோலுக்கடியில் அதிகம் வைப்பதில்லை. குடலைப் போர்த்திய சவ்விலும் சிறுநீரகத்தைச் சுற்றியும்தான் சேர்க்கிறது. கடைக்காரர் அதைத் தராசில் போடாவிட்டால் வித்தியாசம் நிறையவே குறைந்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கிடாக்கறியின் கொழுப்பில் பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் (இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, அவை) அதிக சதவீதம் இருப்பதாக ஆய்வுகளில் வருவதுண்டு. உடனே 'கிடாதான் ஆரோக்கியம்' என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

ஆடு மேயும் பச்சைத் தழையில் இந்த அமிலங்கள் ஏராளம். ஆனால் அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அவற்றில் ஹைட்ரஜனை ஏற்றி, பெரும்பகுதியை நிறைவுற்ற கொழுப்பாக்கிவிடுகின்றன. தப்பி வரும் கொஞ்சத்தை ஆடு சேமிப்புக் கொழுப்பில் கொட்டி வீணாக்குவதில்லை. ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வுக்கென்று ஒதுக்கிவிடுகிறது. சவ்வு இளக்கமாக இருக்க இந்த அமிலங்கள் வேண்டும். சவ்வின் அளவோ ஆடு கொழுத்தாலும் மெலிந்தாலும் அதிகம் மாறாது.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் எளிமைக்காக நான் போட்டவை. 100 கிராம் தசையில் சவ்வுக் கொழுப்பு அரை கிராம், அதில் பல்நிறைவுறா வகை 0.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிடாத் தசையில் மொத்தக் கொழுப்பு 1.5 கிராம் என்றால், அந்த 0.2 கிராம் சுமார் 13 சதவீதம். பெட்டையில் மொத்தம் 3 கிராம் என்றால், அதே 0.2 கிராம் 7 சதவீதம்கூட வராது. நல்ல கொழுப்பு ஒரு துளியும் குறையவில்லை. சாம்பாரில் தண்ணீர் ஊற்றியதுபோல மற்றது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சதவீதத்தை மட்டும் போட்டுக் கிராமை மறைக்கும் எந்த அட்டவணையையும் நான் நம்புவதில்லை.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் வெள்ளாட்டின் தொடை, தோள், ஈரல் எல்லாம் தனித்தனியே உண்டு. கிடா, பெட்டை என்ற பிரிவு இல்லை. கன்னி, கொடி, சேலம் கருப்பு என்று நம் இனங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பெரிய தொகையெல்லாம் வேண்டாம். மனம்தான் வேண்டும்.

சரி, விதையைச் சாப்பிட்டால் ஆண்மை கூடுமா? விதையில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் அங்கே தங்குவதில்லை. அவ்வப்போது ரத்தத்தில் கலந்துவிடும். ஒட்டியிருக்கும் மிச்சத்தையும், நாம் விழுங்கியபின் நம் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடும். வறுத்தால் ருசியாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

அதனால் கடையில் கிடாவா என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன வயசு, எந்தப் பகுதி என்றும் கேளுங்கள். தொடைக்கறிக்கும் நெஞ்சுக்கறிக்கும் உள்ள கொழுப்பு வித்தியாசம் பல நேரம் கிடாவுக்கும் பெட்டைக்கும் உள்ளதைவிடப் பெரியது.