காணொளிப் பாடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள்

மொரீஷியஸில் தமிழாசிரியர்களுக்குக் காணொளிப் பாடம் தயாரிக்கப் பயிற்சி தருகிறோம் என்று சொன்னால், போர்ட் லூயிஸிலிருந்து வந்தாலும் ரோஸ் பெல்லிலிருந்து வந்தாலும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த ஆப்பில் எடுக்கணும்?" என்றுதான். முதல் நாள் அதற்கு நான் பதில் சொல்வதில்லை. கைபேசிகள் பைக்குள்ளேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுப்பேன். அதில் எழுத வேண்டியது ஒரே பதில்தான். பிள்ளை உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு வந்தால், அங்கே என்ன செய்யப் போகிறது?

பாதிப் பேருக்கு மேல் பேனா அங்கேயே நின்றுவிடும். "என்ன சொல்லப் போகிறேன்" என்று கேட்டிருந்தால் மளமளவென்று எழுதியிருப்பார்கள். பிள்ளை என்ன செய்யும் என்பது நமக்குப் பழக்கமில்லாத கேள்வி. அந்தத் தாள் நிரம்பாமல் யாரும் கேமராவைத் தொட வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

தலைகீழ் வகுப்பறை என்று நாம் சொல்லும் முறையை 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் பள்ளியின் இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் பரவலாக்கினார்கள். ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று பெயர். விளையாட்டுப் போட்டிகளுக்காக வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இணையம் இல்லாத வீடுகளுக்கு டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். பிறகுதான், விளக்கம் முழுவதும் வீட்டிலேயே நடந்துவிட்டால் வகுப்பு நேரத்தைப் பயிற்சிக்கும் சந்தேகம் தீர்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. வீட்டில் பார்க்கும் காணொளி, வகுப்பில் நேரம் கிடைப்பதற்கான வழி. அந்த நேரத்தில் என்ன நடக்கிறதோ அதுதான் பாடம்.

நம் ஊர் தமிழ் வகுப்புக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தொலைக்காட்சியில் கேட்பது பெரும்பாலும் பிரெஞ்சு. தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில். தமிழ் காதில் விழுவது தமிழ் வகுப்பில், கோயிலில், எப்போதாவது ஒரு சினிமாவில். தமிழ் வகுப்பின் அந்தச் சிறு நேரத்தையும் ஆசிரியரின் விளக்கமே எடுத்துக்கொண்டால் பிள்ளை எப்போது வாய் திறக்கும்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, தொலைக்காட்சி வழியே பாடம் நடந்தபோது பலரும் காணொளிக்குப் பழகிக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் கரும்பலகை முன் நின்று முழு வகுப்பையும் பதிவு செய்வதே காணொளிப் பாடம் என்ற எண்ணமும் அப்போதே ஊன்றிவிட்டது. அதைக் களைவதற்குத்தான் எங்கள் பயிற்சியில் அதிக நேரம் போகிறது.

ஓர் உதாரணம். "பள்ளிக்கு", "பள்ளியில்" என்ற இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். கிரியோலில் "மோ அல் லெகோல்" என்றால் பள்ளிக்குப் போகிறேன். "மோ தாங் லெகோல்" என்றால் பள்ளியில் இருக்கிறேன். அங்கே குறிப்புச் சொல் முன்னால் நிற்கும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. தமிழில் உருபு பின்னால் ஒட்டும். இதை விளக்க நான்கு நிமிடம் போதும். ஒரு பள்ளிப் படம், ஒரு பையன் படம், அம்புக்குறி. போகும்போது "க்கு", உள்ளே இருக்கும்போது "இல்". பிறகு கடை, கோயில், கடற்கரை. "இப்போது நிறுத்திவிட்டு, கோயிலுக்கு என்ன வரும் என்று நோட்டில் எழுது" என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பிள்ளை பதில் எழுதும் அளவு மௌனமாகவும் இருக்க வேண்டும். மறுநாள் வகுப்பில் மேசைகளை ஒதுக்கி, ஒரு மூலையைக் கடை என்றும் இன்னொரு மூலையைக் கோயில் என்றும் வைத்து, பிள்ளைகள் நடந்துகொண்டே சொல்வார்கள்: "நான் கடைக்குப் போறேன்", "நான் கடையில இருக்கேன்". தாளில் எழுத வேண்டியது இதுதான். இந்த நடையில்லாமல் அந்த நான்கு நிமிடத்துக்கு மதிப்பு இல்லை.

காணொளி வகுப்பைவிடச் சிறப்பாகச் செய்யும் வேலையும் உண்டு. ழ, ள, ல மூன்றும் அப்படிப்பட்டவை. முப்பது பிள்ளைகள் உள்ள அறையில் கடைசி வரிசைக்கு ஆசிரியரின் நாக்கு எங்கே வளைகிறது என்று தெரியாது. கைபேசியை வாய்க்கு நேரே வைத்து, கன்னத்தில் சன்னல் வெளிச்சம் விழ உட்கார்ந்து, "பல்", "பள்ளி", "பழம்" என்று மெதுவாகச் சொன்னால் பிள்ளை எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னால் தள்ளிப் பார்க்கும், யாரும் சிரிக்காமல் தானும் சொல்லிப் பார்க்கும். ழ எழுதுவதைக் காட்ட வேண்டுமானால் புத்தகங்களை இருபுறமும் அடுக்கி, குறுக்கே ஒரு அளவுகோலைப் போட்டு, கைபேசியை அதன் மேல் கவிழ்த்து வைத்தால் போதும். வலது கையால் எழுதுபவர்களுக்கு விளக்கு இடப்புறம் இருக்கட்டும். இல்லாவிட்டால் பேனா முனை கையின் நிழலுக்குள் போய்விடும், பிள்ளை பார்க்க வேண்டிய சுழி மறைந்துவிடும்.

நீளம் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடக்கும். 2014இல் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்தபோது, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் நிலைத்துப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. அது பெரியவர்கள் பயிலும் தளம். நம் பிள்ளையோ பள்ளி முடிந்து டியூஷனுக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிற பிள்ளை. அதனிடம் பதினைந்து நிமிடம் கேட்பது நியாயமில்லை. தொடக்கப் பள்ளிக்கு நான்கு, உயர்நிலைக்கு ஆறு என்பது என் கணக்கு.

அதற்காகத்தான் காணொளியில் பேசப் போவதை முன்பே எழுத வேண்டும். நினைவிலிருந்து பேசினால் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பேசுவோம். எழுதிய பின் வெட்டுவதுதான் பயிற்சியிலேயே கடினமான கட்டம்.

"இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் புரியாதே" என்பார் ஒரு ஆசிரியை.

"சரி மிஸ், அது வகுப்பில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது புரிந்தால் போதாதா?"

கொஞ்ச நேரம் தாளையே பார்ப்பார். அப்புறம் கோடு போடுவார். அந்தக் கோட்டை அவரே போட வேண்டும், நான் போடக்கூடாது.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். ஒலி கெட்டால் மொழிப் பாடமே கெட்டது. மழை ஊர்களான கூர்ப்பிப்பிலும் வாகுவாவிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தகரக் கூரையில் மழை இறங்கினால் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறைதான் எதிரொலி குறைந்த அறை. பின்னணிப் பாட்டு வேண்டவே வேண்டாம். கற்கும் பொருளுக்குத் தொடர்பில்லாத இசையும் படமும் கற்றலைக் குறைக்கின்றன என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பாட்டுக்கு உரிமையாளர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் முகத்தையும் காட்டாதீர்கள். நம் நாட்டின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டவர்களின் தனிப்பட்ட விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. கைகளும் நோட்டும் போதும்.

பார்க்காமல் வரும் பிள்ளையை என்ன செய்வது? திட்டவும் வேண்டாம், எல்லோருக்குமாக மறுபடி விளக்கவும் வேண்டாம். மறுபடி விளக்கினால், பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளும் அடுத்த முறை பார்க்காமல் வருவார்கள். வகுப்பின் ஓரத்தில் ஒரு டேப்லெட்டில் அந்த நான்கு நிமிடத்தைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளட்டும். வீட்டில் டேட்டா இல்லாத பிள்ளைக்கு இது தண்டனையாகத் தெரியக்கூடாது. ஆசிரியர் முகம் கோணாமல் இருக்க வேண்டும்.

தலைமையாசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு நல்ல நான்கு நிமிடத்துக்குப் பின்னால் பல மணி நேர உழைப்பு இருக்கிறது, அதை ஆசிரியர்கள் இப்போது தங்கள் ஞாயிற்றுக்கிழமையில் செய்கிறார்கள். வாரத்தில் ஒரு வகுப்பு நேரத்தையாவது இதற்கு விடுங்கள். பல பள்ளிகளில் தமிழுக்கு ஒரே ஆசிரியர்தான். ஒருவர் உருபும் இன்னொருவர் ழகரமும் எடுத்துப் பகிர்ந்துகொண்டால் யாரும் தனியாக எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

காணொளி முடிந்ததும் உடனே குழுவில் அனுப்பிவிடாதீர்கள். அந்த வயதுப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் பிள்ளையின் விரலைப் பாருங்கள். எங்கே பின்னால் தள்ளுகிறது, எங்கே முன்னால் ஓட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் மறுபடி எடுங்கள்.