லெட்வில் பந்தயத்துக்குக் கிளம்பும் முன்

ஒரு ஆகஸ்ட் ஞாயிறு விடியற்காலையில், ஹூஸ்டனில் வசிக்கும் தமிழ்த் தம்பதி ஒருவர் டென்வரில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். கணவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது, ஒரு வருடப் பயிற்சியில் இறுகிய உடம்பு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 74 சதவீதம்தான் காட்டியது. “டாக்டர், ராத்திரி இவரால படுக்கவே முடியல. பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்கே மூச்சு வாங்குச்சு” என்றார் மனைவி.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. லெட்வில் 100 மைல் மலை சைக்கிள் பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

லெட்வில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய சுரங்க ஊர். பந்தயப் பாதை ட்வின் லேக்ஸில் 2,800 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து கொலம்பைன் சுரங்கம் வரை ஒரே மூச்சாக 3,800 மீட்டருக்கு ஏறுகிறது. காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், லெட்வில்லில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கை விடச் சற்று அதிகமாகத்தான் ஆக்ஸிஜன் கிடைக்கும். கொலம்பைன் உச்சியில் அதைவிடக் குறைவு.

“நான்தான் நல்லா ட்ரெய்னிங் எடுத்திருக்கேனே” என்று பலர் சொல்வார்கள். இப்படி உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலை நோயை உடற்பயிற்சி தடுக்காது. சொல்லப்போனால், பயிற்சி உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். வந்து இறங்கிய மறுநாளே அவர்களால் கடுமையாக மிதிக்க முடிகிறது, மிதித்தும் விடுகிறார்கள்.

இந்த நோய்களுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வரும் சாதாரண மலை நோய், மேலே போன சில மணி நேரத்தில், பெரும்பாலும் முதல் இரவிலேயே தலைகாட்டும். நுரையீரலில் நீர் கோப்பது இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள். இப்போது பந்தயத்துக்கு வருபவர்களின் பயணத் திட்டத்தைப் பாருங்கள்: வியாழன் இரவு வந்து, வெள்ளி பாதையை ஓட்டிப் பார்த்து, சனி பந்தயம், ஞாயிறு கிளம்புவது. நோய்க்கு வேண்டிய நாட்களை நாமே எண்ணிக் கொடுப்பதுபோல் இருக்கிறது. “முந்தின நாள் வந்து, ஓட்டிவிட்டு உடனே இறங்கிவிடு” என்று ஓட்டுபவர்கள் சொல்வதில் அர்த்தம் உண்டு. ஆனால் குடும்பத்தோடு வருபவர்கள் யாரும் சனி மாலையே இறங்குவதில்லை.

முடிந்தால் ஒன்றிரண்டு இரவுகள் 1,600 மீட்டரில் இருக்கும் டென்வரில் தூங்கிவிட்டு மேலே போங்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். முதல் இரவுகளில் மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்துத் துணைவர் பயந்துபோவார். அந்த உயரத்தில் அது பலருக்கும் வரும்.

அப்புறம், மாத்திரை. அசிட்டசோலமைடு மலை நோயைத் தடுக்க நன்றாக உதவும் மருந்து, நானும் சுற்றுலாப் பயணிகளுக்கு எழுதிக்கொடுப்பேன். ஆனால் அது சிறுநீர் பெருக்கி என்பதால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது, பந்தயம் இல்லாத நாட்களிலும் தடைதான். ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்பட்ட போட்டியாளர்கள் முறையான மருத்துவ விலக்கு வாங்காமல் அதைத் தொடக்கூடாது. நண்பர் கொடுத்தார் என்று விழுங்கிவிடாதீர்கள். உடன் வரும் அம்மா அப்பாவுக்கோ மனைவிக்கோ இந்தத் தடை இல்லை. மலை நோய் அவர்களுக்கும் வரும் என்பதால், மருத்துவரிடம் அவர்களுக்காகவும் கேளுங்கள்.

தலைவலிக்கு இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வியர்வை சிந்தினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதேபோல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் மலை நோய் வராது என்பதும் தவறு. அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று மலை நோய் போலவே தோன்றும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

உடன் வருபவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம். இதில் ஒன்று வந்தாலும் பந்தயம் முடிந்தது. இருமலைத் “தூசி” என்று நினைத்துத்தான் அந்த ஹூஸ்டன்காரர் வெள்ளி இரவைக் கழித்திருக்கிறார். முடிவை ஓட்டுபவரிடம் விடாதீர்கள். ஆக்ஸிஜன் குறைந்த மூளை “எனக்கு ஒண்ணுமில்ல” என்றுதான் சொல்லும்.

அவருடைய மனைவி செய்ததில் ஒன்றை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பதறிப்போய், டென்வர்தானே கீழே என்று நள்ளிரவில் காரை எடுத்திருக்கிறார். ஆனால் அந்தச் சாலை இறங்குவதற்கு முன் ஏறுகிறது: ஃப்ரீமான்ட் கணவாய் 3,450 மீட்டர், அதற்குப் பிறகு ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர். கணவாயைத் தாண்டும்போது கணவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அவசரம் என்றால் லெட்வில்லிலேயே 911-ஐ அழைத்து முதலில் ஆக்ஸிஜன் வாங்குங்கள். அறிகுறி லேசாக இருக்கும்போதே நீங்களே இறக்கிக்கொண்டு போவதானால், தெற்கே பியூனா விஸ்டா பக்கம் திரும்புங்கள். அந்தச் சாலை ஆர்க்கன்சா ஆற்றோடு சேர்ந்து 2,400 மீட்டருக்கு இறங்குகிறது.