அறிவியல் எழுத்தறிவும் கட்சிச் சார்பும்

‘சயின்டிஃபிக் லிட்ரசி’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் நாலைந்து பெயர்கள் ஓடுகின்றன. அறிவியல் அறிவு, அறிவியல் எழுத்தறிவு, அறிவியல் விழிப்புணர்வு, அறிவியல் மனப்பான்மை. பாடநூலில் ஒன்று, நாளிதழில் ஒன்று, மேடையில் ஒன்று. எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் கட்சி அரசியல் உள்ளே வந்ததும் இந்தக் குழப்பம் வசவாகிவிடுகிறது. ஒரு திட்டத்தை எதிர்ப்பவர் ‘அறிவியல் தெரியாதவர்’, ஆதரிப்பவர் ‘அறிவியல் பெயரைச் சொல்லி மலையை விற்பவர்’. நீலகிரியில் இந்த இரண்டையும் கேட்டுச் சலித்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘லிட்டெரா’ என்றால் எழுத்து. அதிலிருந்து வந்த ‘லிட்ரசி’ ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வேடிக்கை என்னவென்றால், ‘இல்லிட்ரசி’ அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. இல்லாமைக்குத்தான் முதலில் பெயர் வைத்திருக்கிறார்கள். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா தன் பள்ளிகளைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு பால் ஹர்ட் என்ற கல்வியாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘அறிவியல் எழுத்தறிவு’ என்ற தொடர் கல்வித்துறையில் பரவியது. 1983இல் ஜான் மில்லர் அதை மூன்றாகப் பிரித்தார்: அடிப்படைச் சொற்களும் கருத்துகளும் தெரிவது, அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிவது, அது சமூகத்தில் என்ன செய்கிறது என்று தெரிவது. எந்தக் கட்சிக்கு ஓட்டு, எந்தத் திட்டத்துக்கு ஆதரவு என்பதெல்லாம் இந்த மூன்றில் வராது.

தமிழில் ‘எழுத்தறிவு’ வீட்டுக்கு வீடு போனது தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கத்தால். அதை முன்னின்று நடத்தியவர்களில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் இருந்தார்கள். ஆக, அறிவியலும் எழுத்தறிவும் நம்மூரில் ஏற்கெனவே பழகியவைதான்.

சரி, இதை எப்படி அளக்கிறார்கள்? அமெரிக்காவில் சில எளிய கேள்விகளைப் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியையா? 2012இல் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தவறாகச் சொன்னார். ஆன்டிபயாட்டிக் மருந்து வைரஸையும் கொல்லுமா? கொல்லாது என்று சரியாகச் சொன்னவர்கள் பாதிப்பேர்தான். தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டியர் நிறுவனம் 1907 முதல் இயங்கிவரும் குன்னூரில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். வெறிநாய்க்கடி ஊசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களும், வைரஸால் சளி பிடித்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்பார்கள் என்பது என் சந்தேகம்.

இந்தக் கேள்விகளின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1970இல் அமைந்த, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கும் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் சரிவில் கட்டினார்கள்? சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகைக்கு ஒத்து, சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். அதே முத்தோரைப் பக்கம் உருளைக்கிழங்கு போடும் விவசாயிக்கு இது தெரியாமலிருக்கலாம். ஆனால் 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட, உருளைச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒரே பயிரை மாற்றாமல் போட்டால் பெருகும் என்பது அவருக்குத் தெரியும். கணக்கெடுப்பில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

இனிக் கட்சி விஷயம். அந்தப் பட்டியலிலேயே ஒரு கேள்வி: ‘இன்றைய மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து தோன்றியவர்கள்; சரியா, தவறா?’ 2012இல் அமெரிக்கர்களில் 48 விழுக்காட்டினர் சரி என்றார்கள். அதே கேள்வியை வேறொரு பிரிவினரிடம் ‘பரிணாமக் கோட்பாட்டின்படி’ என்று தொடங்கிக் கேட்டபோது 72 விழுக்காடு. கோட்பாடு என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வடிவத்தில் அவர்கள் பதில் சொன்னது ‘உனக்கு என்ன தெரியும்’ என்பதற்கு அல்ல, ‘நீ யார் பக்கம்’ என்பதற்கு.

யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டான் கஹான் இதைத்தான் தோண்டினார். 2012இல் வெளியான அவர் குழுவின் ஆய்வு, அமெரிக்கர்கள் சுமார் 1,540 பேரைப் பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டது. அறிவியல் எழுத்தறிவு கூடக்கூட எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்றால், மதிப்பெண் அதிகமானவர்களிடம் பிளவு குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது! சமத்துவ நோக்குடையவர்கள் கவலையை இன்னும் கூட்டிக்கொண்டார்கள், மேல்கீழ் படிநிலையையும் தனிமனிதப் போக்கையும் விரும்பும் மறுபக்கத்தார் குறைத்துக்கொண்டார்கள். விவரம் தெரிந்தவருக்குத் தன் பக்கத்துக்கு வாதம் தேடவும் தெரிகிறது. மறு ஆண்டு அவரே இன்னொன்றைச் சொன்னார்: டீ பார்ட்டி ஆதரவாளர்களின் அறிவியல் மதிப்பெண் மற்றவர்களைவிட மயிரிழை கூடுதல். குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்ததாக அவரே ஒப்புக்கொண்டார். (டீ பார்ட்டி என்றதும் குன்னூர்த் தேயிலை ஏலம் நினைவுக்கு வர வேண்டாம். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய போராட்டத்தின் பெயரை வைத்துக்கொண்ட வலதுசாரி இயக்கம் அது.) வித்தியாசம் மிகச் சிறியது, அதை வைத்து யாரும் மார்தட்ட முடியாது. எதிர்த்தரப்பை முட்டாள்கள் என்று சொல்லவும் முடியாது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. அங்கே கட்சிப் பிளவாகிவிட்ட பரிணாமமும் பருவநிலையும் இங்கே அப்படி ஆகவில்லை. நம் மலையில் பார்க்க வேண்டுமானால் எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவைப் பார்க்கலாம். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் மசினகுடி அருகே உள்ள சிங்காரா. யானைகளின் வழித்தடம், முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம் என்பதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. திட்டம் தேனி மாவட்டத்தின் போடி மேற்கு மலைக்குப் போனது. சிங்காராவில் முக்கியக் கேள்வி காட்டுச் சாலையில் ஓடப்போகும் லாரிகளைப் பற்றியது. தேனியில் கதிர்வீச்சு அச்சமும் மலையைக் குடைந்தால் அணைகளுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டன. 2015இல் திட்டத்தை எதிர்த்து வைகோ வழக்குத் தொடர்ந்தார். அது அரசியல் மேடைப் பொருளாகிவிட்டது.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்துபோகின்றன. நம்மை ஒன்றும் செய்வதில்லை. இதைத் தெரிந்துகொண்டே, மலையைக் குடையக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம். அவருக்கு அறிவியல் எழுத்தறிவு இல்லை என்பது பொய். நியூட்ரினோ என்றால் என்னவென்றே தெரியாமல், தன் கட்சித் தலைமை சொன்னதால் ஆதரிப்பவரும் உண்டு. அவரை அறிவியலின் பக்கம் நிற்பவர் என்பதும் பொய். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் சுவரொட்டியை வாசிப்பார். வாசித்ததாலேயே அந்தக் கட்சியில் சேர்ந்துவிடமாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் ‘அறிவியல் எழுத்தறிவு’ என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. வாசிக்கும் திறன் என்ற அளவோடு நிற்கிறது, உடன்பாட்டைக் கேட்பதில்லை. ‘அறிவியல் அறிவு’ தப்பில்லை, ஆனால் முறை தெரிவதைவிடத் தகவல் தெரிவதையே சுட்டுகிறது. ‘விழிப்புணர்வு’ பேரணிக்கும் பதாகைக்கும் உரிய சொல். அதற்குள் ‘நாங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்’ என்ற குரல் ஒளிந்திருக்கிறது. ‘அறிவியல் மனப்பான்மை’ வேறொன்றின் பெயர். 1976இன் 42ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் வந்த 51ஏ பிரிவு, குடிமக்களின் கடமைகளில் ஒன்றாகச் சொல்வது அதைத்தான். நிறையப் படித்தவரிடம் அது இல்லாமல் போகலாம்.

‘பொலிடிகல் அஃபிலியேஷன்’ என்பதற்குக் கட்சிச் சார்பு என்றே எழுதலாம். ‘அஃபிலியேஷ’னின் உள்ளே லத்தீன் ‘ஃபிலியஸ்’, அதாவது மகன், இருக்கிறான். மகனாகத் தத்தெடுத்துக்கொள்வதுதான் மூலப்பொருள். தமிழ்ச் ‘சார்பு’ அவ்வளவு தூரம் போகாது, சாய்ந்துகொள்வதோடு சரி. ‘கட்சி’க்குப் பழந்தமிழில் காடு, பறவைக்கூடு, புகலிடம் என்ற பொருள்கள் உண்டு. இன்றைய அரசியல் ‘கட்சி’யை அகராதி வடசொல்லிலிருந்து வந்த வேறொரு சொல்லாகப் பிரித்துக் காட்டுகிறது, தரப்பு, பக்கம் என்று பொருள். ஊட்டி நீதிமன்ற வாசலில் வக்கீல்கள் ‘என் கட்சிக்காரர்’ என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.