டி டிரைவ் தனிப் பெட்டி அல்ல, அண்ணாச்சி

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர், அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் என்னிடம் வந்தார். ஹார்ட் டிஸ்க்கைத் துவர்த்தில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆவணியில் எடுத்த மூன்று கல்யாணங்களின் படங்கள் அதில்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. அவருடைய பழைய கணினியில் 11 ஏறவில்லை. அக்கா மகன் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தானாம், படங்களைக் காணோம். "படங்கள் டி டிரைவில்தானே இருந்தன அண்ணாச்சி, அதற்கு எப்படி ஆபத்து வரும்?" என்றார். இந்த மாதத்தில் இதே கேள்வி நான்காவது முறை. பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன்.

சி, டி என்பவை விண்டோஸ் வைத்த பெயர்கள். டிஸ்க் ஒன்றுதான். சி எங்கே முடிகிறது, டி எங்கே தொடங்குகிறது என்ற எல்லைகளைச் சொல்லும் அட்டவணை, எம்பிஆர் என்ற பழைய முறையில், டிஸ்க்கின் முதல் துண்டான செக்டாரில் வெறும் 64 பைட். 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று உபுண்டு கேட்டால், டிஸ்க் முழுவதையும்தான் கேட்கிறது.

படங்களைக் காணோம் என்று தெரிந்த அந்த நிமிடமே கணினியை அணைத்துவிட்டு வந்திருந்தால் பெரும்பகுதி தேறியிருக்கும். வரப்பைச் சாய்த்ததால் மட்டும் பயிர் போய்விடாது. ஆனால் இவர்கள் செய்தது என்ன? விண்டோஸைத் திரும்பப் போட்டால் பழையபடி வந்துவிடும் என்று போட்டிருக்கிறார்கள். வராது. மறுபடி நிறுவுவது மீட்பது ஆகாது. அது இன்னொரு முறை எழுதுவது. "அதே அளவில்தான் சி, டி பிரித்தோம்" என்று பெருமையாக வேறு சொன்னார். அதுதான் கேடு! அதே அளவில் பிரித்து ஃபார்மேட் செய்தால், கோப்புகளின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் பழைய பட்டியல் இருந்த இடத்திலேயே புதிதாகத் தொடங்கும். போதாததற்கு, பென் டிரைவிலிருந்து ஆயிரக்கணக்கான பாட்டுகளை டியில் கொட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டும் ஏதோ ஒரு கல்யாணப் படத்தின் பெயர் இருந்த வரியில் போய் உட்கார்ந்துவிட்டது.

முதலில் டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு வேறொரு டிஸ்க்கில் முழு நகல் எடுத்தேன். மூல டிஸ்க்கில் நேரடியாகக் கை வைப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். எல்லை மட்டும் அழிந்திருந்தால் அதைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் போதும், இலவசம்தான். இங்கே பட்டியலே போய்விட்டதால் பட்டியல் இல்லாமலே கோப்புகளைத் தேடும் ஃபோட்டோரெக்கை ஓடவிட வேண்டியதாயிற்று. அது படத்தைத் தரும், பெயரைத் தராது. 'எஃப்' என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாகக் குவியல் குவியலாக வந்து விழுந்தன. நல்ல வேளையாக, எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதை வைத்து இரண்டு கல்யாணங்களை வரிசைப்படுத்தினோம். மூன்றாவதில் மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது, பந்தி இருக்கிறது. தாலி கட்டுவது இல்லை. அந்த வீட்டாரிடம் என்ன சொல்வது என்று அவர் கேட்டபோது நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஹார்ட் டிஸ்க் என்பதால் இவ்வளவாவது கிடைத்தது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியாக இருந்தால், ஃபார்மேட் செய்ததுமே டிரிம் என்ற கட்டளை போய்விடும். காலியான இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துக்கொள்ளும். பிறகு பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தாலும் சென்னைக்குக் கொண்டுபோனாலும் ஒன்றுதான்.

இரண்டாவது இயங்குதளம் போடுவதில் தவறில்லை. என் மேசையிலும் இரண்டு இருக்கின்றன. ஆனால் படங்களை முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டு, நிறுவும்போது அதையே அழித்தவரும் உண்டு. டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் என்னிடம் வராதீர்கள், என்னால் திறக்க முடியாது. லினக்ஸ் பகுதியைக் காட்டி, ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். தொடங்குவதற்கு முன், விண்டோஸில் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைச் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்தப் பகுதி எவ்வளவு என்று தெரிந்தால், தேடுகிற எனக்கு ஒரு ராத்திரி மிச்சம்.