அரை மில்லிமீட்டர் சண்டை

அலமாரியில் பழைய டிவிடி ஏதாவது கிடந்தால் எடுத்து, அதன் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்பினால், 1.2 மில்லிமீட்டர் கனத்தின் நட்டநடுவில் மயிரிழை போல ஒரு கோடு ஓடுவது தெரியும். 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை ஒட்டிய தையல் அது. படம் பதிந்திருப்பது அந்தத் தையலில்தான். சிடியில் இந்தக் கோடு கிடையாது. அதில் பாட்டு இருப்பது மேலே, பெயர் அச்சிட்ட மைக்குச் சற்றே கீழே. அடிப்பக்கம் லேசாகக் கீறினாலும் சிடி எப்படியோ சமாளித்துப் பாடிவிடும்; மேல்பக்கத்தில் பேனா முனை அழுந்திவிட்டால் போச்சு.

டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே வட்டில் கதை தலைகீழ். தகவல், நாம் விரல் வைக்கும் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. அதனோடு போட்டி போட்டுத் தோற்ற எச்டி டிவிடியிலோ, டிவிடி போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில். இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர். 2002 முதல் 2008 வரை சோனியும் டோஷிபாவும் ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் இழுத்துக்கொண்டு நடந்த அந்தப் பெரிய சண்டையைக் கிளறிப் பார்த்தால், அடியில் கிடப்பது இந்த அரை மில்லிமீட்டர்தான்.

முதலில் வட்டை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்போம். வட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத குழிகள் ஒரே சுருள் வரியாக, உள்ளிருந்து வெளிப்பக்கம் போகின்றன. லேசர் புள்ளி அந்த வரியின் மேல் ஓடும். சமதரையில் பட்ட ஒளி அப்படியே திரும்பி வரும். குழியின் மேல் புள்ளி வரும்போது, குழியில் பட்டுத் திரும்பும் ஒளியும் சுற்றியுள்ள தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். குழியின் ஆழத்தையே அதற்கேற்ற கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். குழி என்றால் 0, தரை என்றால் 1 என்று பலரும் எழுதுவதுண்டு. உண்மையில் தரை குழியாகவும் குழி தரையாகவும் மாறும் அந்த ஓரம்தான் 1. மாறாமல் போகும் தூரமெல்லாம் 0.

ஆக, வட்டில் எவ்வளவு அடைக்கலாம் என்பது லேசர் புள்ளி எவ்வளவு சிறியது என்பதைப் பொறுத்தது. பட்டை முனை ஸ்கெட்ச் பேனாவால் அரிசியில் பெயர் எழுத முடியாது இல்லையா, அதுபோல. புள்ளியைச் சிறிதாக்க இரண்டு வழிகள் உண்டு: ஒளியின் அலைநீளத்தைக் குறைக்கலாம், அல்லது லென்ஸை இன்னும் அகலமான கோணத்தில் ஒளியைக் குவிக்கச் செய்யலாம். இந்தக் கோணத்தை ஓர் எண்ணால் குறிப்பார்கள். சிடியில் அது 0.45, டிவிடியில் 0.6. அலைநீளத்தை இந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் புள்ளியின் அளவுக்கு ஏறக்குறைய அளவுகோல்.

அலைநீளத்தில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சிடிக்கு 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, சிவப்பு. அடுத்தது 405, நீல-ஊதா. இந்த நிறத்தில் சின்னதாக, மலிவாக, நீடித்து உழைக்கிற லேசர் நெடுநாள் யாருக்கும் கைகூடவில்லை. காலியம் நைட்ரைடு என்ற பொருளைக் குறையில்லாத படிகமாக வளர்ப்பதுதான் தடையாக இருந்தது. ஜப்பானில் அகாசாகியும் அமானோவும் ஒரு பக்கம், நிச்சியா என்ற கம்பெனியில் நகமுரா இன்னொரு பக்கம் என்று முட்டி மோதி வழி கண்டார்கள். 1993-ல் நிச்சியா பிரகாசமான நீல எல்இடியை வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே நீல-ஊதா லேசரும் வந்தது. நீல எல்இடிக்காக 2014-ல் மூவருக்கும் நோபல் பரிசு. ஹாலில் எரியும் வெள்ளை எல்இடி பல்பும் ப்ளூ-ரே பிளேயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

பிரிந்தது லென்ஸில். எச்டி டிவிடி பக்கம் நின்ற டோஷிபாவும் என்இசியும் 0.65 போதும் என்றன. சோனி, பானாசோனிக், பிலிப்ஸ் அடங்கிய ப்ளூ-ரே கூட்டணி 0.85 வேண்டும் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவிடிக்கு 650-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1083. எச்டி டிவிடிக்கு 405-ஐ 0.65-ஆல் வகுத்தால் 623. ப்ளூ-ரேக்கு 476. புள்ளி நீளத்திலும் அகலத்திலும் சுருங்குவதால் விகிதத்தை வர்க்கப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் எச்டி டிவிடியில் டிவிடியைப் போல 3 மடங்கும், ப்ளூ-ரேயில் 5 மடங்குக்குச் சற்று அதிகமாகவும் அடைக்கலாம் என்று வருகிறது. ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி. எச்டி டிவிடி ஓரடுக்குக்கு 15, ப்ளூ-ரே 25. பள்ளிக்கூடக் கணக்கு எவ்வளவு கிட்டே வருகிறது பாருங்கள்! ஓரடுக்கு ப்ளூ-ரேயின் சுருள் வரியை இழுத்து நீட்டினால் சுமார் 27 கிலோமீட்டர். பக்கத்து வரிக்கு இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர்.

அப்படியானால் எல்லோரும் 0.85-க்கே போயிருக்கலாமே? அங்கேதான் ஆழம் குறுக்கே வருகிறது.

சுழலும் வட்டு எப்போதும் துளி சாய்ந்துதான் ஓடும். ஒளி சாய்வாக பிளாஸ்டிக்குக்குள் நுழைந்தால் வளையும். ஒரு சாண் தண்ணீரில் கிடக்கும் காசைக் குனிந்து எடுத்துவிடலாம்; ஆள் ஆழத்தில் கிடப்பதைப் பக்கவாட்டில் பார்த்துக் கைநீட்டினால் வேறெங்கோ போய் நிற்கும். லேசருக்கும் அதே பாடுதான். பிளாஸ்டிக் எவ்வளவு கனமோ அவ்வளவு கலங்கல். வட்டமான புள்ளி வால் நட்சத்திரம் போல வால் முளைத்து நீளும். லென்ஸின் எண் கூடினால் கலங்கல் அதன் முப்படிக்கு ஏறும். 0.65-லிருந்து 0.85-க்குப் போனாலே 2.2 மடங்கு. இதைத் தாங்க ஒரே வழி, லென்ஸுக்கும் தகவலுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக்கை மெலிதாக்குவது. ப்ளூ-ரே கூட்டணி அதை ஆறில் ஒரு பங்காக, 0.1 மில்லிமீட்டராகக் குறைத்தது அதனால்தான்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும் அல்லவா? கிளம்பியது. மூக்குக் கண்ணாடியில் ஒட்டிய தூசி நமக்கு ஏன் தெரிவதில்லை? பார்வை தூரத்தில் குவிந்திருக்கிறது, தூசி கண்ணருகே இருக்கிறது, அதனால் கலங்கிக் கரைந்துவிடுகிறது. டிவிடியும் இதே தந்திரத்தில்தான் பிழைக்கிறது. உள்ளே புள்ளி மிகமிகச் சிறியது. ஆனால் வட்டின் அடிப்பரப்பைக் கடக்கும்போது லேசர் கற்றை சுமார் அரை மில்லிமீட்டர் அகலம். ஒரு முடி விழுந்தாலும் கொஞ்சம் ஒளிதான் மறையும். ப்ளூ-ரேயில் தகவல் அடிப்பரப்பை ஒட்டியே இருப்பதால், அங்கே கற்றையின் அகலம் 0.13 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே முடி இப்போது பாதிக் கதவை அடைத்து நிற்கும். அதற்குப் பயந்து, 2003-ல் ஜப்பானில் வந்த முதல் ப்ளூ-ரே ரெக்கார்டருக்கான வட்டுகளைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டே விற்றார்கள், பழைய ஃபிளாப்பி மாதிரி. பெட்டி போட்டால் செலவு, இடம், எரிச்சல். பிறகு டிடிகே என்ற கம்பெனி எளிதில் கீறல் விழாத ஒரு மேல்பூச்சைக் கொண்டுவந்தது, பெட்டி ஒழிந்தது. அந்தப் பூச்சு மட்டும் வராமல் போயிருந்தால், ப்ளூ-ரே இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது டோஷிபா பக்கம் நின்று பாருங்கள். அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிட வேண்டாம். விளிம்பில் பார்த்தோமே ஒரு தையல், அது டோஷிபாவின் வெற்றிச் சின்னம். 1995 வரை டிவிடிக்கே இதே போல இரண்டு வடிவங்கள் மோதின. சோனியும் பிலிப்ஸும் ஒற்றைத் தட்டு என்றன. டோஷிபாவும் டைம் வார்னரும் இரண்டு 0.6 தட்டுகளை ஒட்டலாம் என்றன. இரண்டு வடிவம் வந்தால் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று ஐபிஎம் தலைமையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் மிரட்ட, சமரசம் ஆனது. வட்டின் உடம்பு டோஷிபா பக்கத்திலிருந்து. தகவலைக் குழிகளாக மாற்றி எழுதும் குறிமுறை சோனி, பிலிப்ஸ் பக்கத்திலிருந்து. எச்டி டிவிடியும் அதே உடம்புதான். டிவிடி அடித்துக்கொண்டிருக்கும் ஆலைகளே கொஞ்சம் மாற்றத்தோடு அதையும் அடித்துவிடும். 0.1 மில்லிமீட்டர் படலத்தைச் சீராகப் பூசும் ப்ளூ-ரேக்கோ புது இயந்திரங்கள் தேவை. ஆலைக்காரருக்கு எது இனிக்கும், சொல்லுங்கள். 2005-ல் இரண்டையும் ஒன்றாக்கப் பேச்சு நடந்தது. 0.1-க்கும் 0.6-க்கும் நடுவில் சமரசம் செய்ய எதுவும் இல்லை; பேச்சு முறிந்தது.

2006-ல் கடைக்கு வந்தபோது முந்திக்கொண்டது எச்டி டிவிடி. ஏப்ரலில் அமெரிக்காவில் டோஷிபா பிளேயர் 499 டாலர். உள்ளே பென்டியம் 4 சிப். திறந்து பார்த்தவர்கள் இது பிளேயரா கம்ப்யூட்டரா என்று சிரித்தார்கள். ஜூனில் வந்த சாம்சங் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். இதில் வேடிக்கை, கொள்ளளவில் பெரியதான ப்ளூ-ரேயின் ஆரம்பப் படங்கள் பார்க்கச் சுமாராகத்தான் இருந்தன. ஏன் என்றால், 1920-க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்றால் இரண்டு மணிநேரப் படம் சுருக்காமல் 1000 ஜிபியைத் தாண்டும். 20, 40 மடங்கு சுருக்கித்தான் வட்டில் அடைக்க வேண்டும். ப்ளூ-ரேக்காரர்கள் முதலில் டிவிடி காலத்து எம்பெக்-2 முறையில் சுருக்கி, 25 ஜிபி ஓரடுக்கு வட்டில் போட்டார்கள். எதிர்த்தரப்பு புதிய விசி-1 முறையில் சுருக்கி, 30 ஜிபி ஈரடுக்கு வட்டில் போட்டது. பெரிய பெட்டி வைத்திருப்பவனைவிட நன்றாக மடித்து அடுக்கத் தெரிந்தவன் ஜெயித்த கணம் அது. ப்ளூ-ரே 50 ஜிபிக்கும் புதிய முறைகளுக்கும் மாறிய பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது.

எச்டி டிவிடிக்கு இன்னொரு நல்ல குணமும் இருந்தது: அதில் மண்டலப் பூட்டு கிடையாது. ப்ளூ-ரே உலகை ஏ, பி, சி என்று கூறுபோட்டது. அமெரிக்கா ஏ, இந்தியா சி. என் மைத்துனர் அங்கிருந்து ஆசையாக வாங்கி வந்த வட்டு ஒன்று எங்கள் வீட்டு பிளேயரில், இந்த வட்டு இங்கே ஓடாது என்று ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அன்றைக்கு டோஷிபா மேல் எனக்கு வந்த பரிவு கொஞ்சநஞ்சமல்ல.

சரி, எப்படித் தோற்றது? கடைகளில் பிளேயர் விற்றுக்கொண்டிருந்த வரை சண்டை சமமாகத்தான் போனது. 2006 நவம்பரில் சோனி பிளேஸ்டேஷன் 3-ஐ இறக்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு ப்ளூ-ரே டிரைவ். நீல லேசர் போதுமான அளவு கிடைக்காமல், ஐரோப்பாவுக்கு 2007 மார்ச் வரை தள்ளிப்போட வேண்டியிருந்தது. ஆனாலும் விளையாட்டுக்கென்று வாங்கிய வீட்டிலெல்லாம் தானாகவே ஒரு ப்ளூ-ரே பிளேயர் வந்து உட்கார்ந்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி டிரைவைத் தனியாக, 199 டாலருக்கு விற்றது. தனியாக விற்பதை எத்தனை பேர் வாங்குவார்கள்?

ஸ்டூடியோக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி ஒரு பக்கம், யுனிவர்சல் மறுபக்கம், 2007 ஆகஸ்டில் பாரமவுன்ட்டும் டோஷிபா பக்கம் தாவியது. நவம்பரில் வால்மார்ட் ஒரு டோஷிபா பிளேயரை 98.87 டாலருக்குத் தள்ளிவிட்டது. இரண்டிலும் படம் போட்டுக்கொண்டிருந்த பெரிய ஸ்டூடியோ வார்னர் ஒன்றுதான். 1995-ல் டோஷிபாவோடு தோளோடு தோள் நின்ற அதே வார்னர். 2008 ஜனவரி 4 அன்று, இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அது அறிவித்தது. உடனே, லாஸ் வேகாஸ் கண்காட்சியில் நடத்தவிருந்த செய்தியாளர் சந்திப்பை எச்டி டிவிடி குழு ரத்து செய்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் என்று வரிசையாகக் கைவிட்டார்கள். பிப்ரவரி 19 அன்று டோஷிபா கடையைக் கட்டுவதாகச் சொன்னது. ப்ளூ-ரே முதன்முதலில் உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் ஒரு பிப்ரவரி 19-தான், 2002-ல். நாள் தப்பாமல் ஆறு வருடம்.

அப்புறம் நடந்தது சுருக்கம். 2009-ல் டோஷிபாவே ப்ளூ-ரே சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013-ல் வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதில் வைத்தது ப்ளூ-ரே டிரைவ். 2016-ல் வந்த 4கே வட்டுகளில் குழிகளை இன்னும் நெருக்கி, மூன்று அடுக்கில் 100 ஜிபி வரை அடைத்தார்கள். லேசர் அதே 405, லென்ஸ் அதே 0.85, பிளாஸ்டிக் அதே 0.1 மில்லிமீட்டர்.